சுடுகிற காசும் விதை நெல்லும்

இந்த முறை வீடியோ கேம் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன். குறுவைக்குத் தண்ணீர் வந்ததா, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிக் கிடக்கிறதா என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் வயதுக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் இரண்டே இரண்டுதான் தெரியும். ஒன்று பப்ஜி, 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தபோது பேப்பரில் படித்தோம். இன்னொன்று ரம்மி, கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்தி வாரம் ஒன்றாக வந்து, கடைசியில் 2023-ல் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. நான் சொல்லப் போவது இந்த இரண்டும் அல்ல. இதில் பணம் கட்டி ஆடுவது கிடையாது. முகம் தெரியாதவனோடு ராத்திரி இரண்டு மணிக்குக் கத்துவதும் கிடையாது. ஒரு தடவை விலை கொடுத்து வாங்கி, நாவல் படிப்பதுபோலத் தனியாக உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஆடி முடித்துவிட்டு எழுந்து போகலாம்.

பெயர் 'மெட்ரோ 2033'. உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. இருட்டு, பூதங்கள், கையில் துப்பாக்கி. பொங்கல் விடுமுறைக்கு வந்த மகள் வயிற்றுப் பேரன் மடிக்கணினியில் ஆடுவதைப் பக்கத்தில் நாற்காலி போட்டு நான்கு சாயங்காலம் பார்த்தேன். நடுநடுவே நானும் கொஞ்சம் ஆடினேன். பூதங்கள் என்னைப் பயமுறுத்தவில்லை. என்னைப் பயமுறுத்தியது அதில் இருக்கிற கணக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பேரேடு எழுதியவனுக்கு வேறு எது பயமுறுத்தும் என்பீர்கள். ஆனால் விவரம் கேட்டால் நீங்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

முதலில் கதை. 2013-ல் அணு ஆயுதப் போர் வந்து பூமியின் மேல்பரப்பு நாசமாகிவிடுகிறது. மாஸ்கோ நகரத்தில் அந்த நேரத்தில் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் இருந்தவர்களும் ஓடி இறங்கியவர்களும் மட்டும் தப்பிக்கிறார்கள். இருபது வருஷம் கழித்தும் அவர்கள் மேலே வரவில்லை, வர முடியாது. ஒவ்வொரு ரயில் நிலையமும் ஒரு ஊர். சில ஊர்கள் சேர்ந்து ஒரு நாடு. ஒரு பாதை கம்யூனிஸ்ட்காரர்கள் கையில், சில நிலையங்கள் நாஜிக் கொள்கைக்காரர்கள் கையில், வட்டப் பாதை முழுவதும் வியாபாரிகள் கையில். உலகமே போன பிறகும் கட்சியும் கொடியும் போகவில்லை பாருங்கள். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, பேரனுக்கு வரவில்லை. அர்த்யோம் என்கிற இளைஞன் தன் நிலையத்துக்கு வருகிற ஆபத்தைச் சொல்ல வேறொரு பெரிய நிலையத்துக்குக் கிளம்புகிறான். அவன் கண் வழியாகத்தான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். திரையில் தெரிவது அவன் கைகள் மட்டும்.

மாஸ்கோ மெட்ரோ 1935-ல் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் மக்கள் குண்டுக்குப் பயந்து அதில் போய்ப் படுத்தார்கள். அதனால் கதை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. எழுதியவர் திமித்ரி குளுஹோவ்ஸ்கி என்ற ரஷ்யர். 2002-ல் இணையத்தில் இலவசமாகப் போட்டு, 2005-ல் புத்தகமாக்கினார். விளையாட்டாக்கியது உக்ரைனின் கீவ் நகரத்தில் இருந்த 4ஏ கேம்ஸ் நிறுவனம், 2010-ல் வெளிவந்தது. நான் பார்த்தது 2014-ல் புதுப்பித்து வந்த பதிப்பு.

அர்த்யோம் இருக்கிற அறையில் பழைய உலகத்து வாழ்த்து அட்டைகளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். அறையை விட்டு வெளியே வந்தால் நிலையம். நடைமேடையில் கித்தானும் தகரமும் வைத்து மறைத்த குடித்தனங்கள், பன்றிப் பட்டி, அடுப்புப் புகை, யாரோ இருமுகிற சத்தம், ஒரு மூலையில் கிதார். வீட்டம்மா காப்பி கொண்டுவந்தவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "என்னடா இது, நிவாரண முகாம் மாதிரி இருக்கு" என்றார். "இதுதான் அம்மாச்சி அவங்க ஊரு" என்றான் பேரன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் புடவையைக் குறுக்கே கட்டிக் குடும்பம் பிரித்துப் படுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அப்படி நாலு நாள் இருந்தாலே நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இவர்கள் அதே மாதிரி இருபது வருஷம் இருக்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

அந்த உலகத்தில் நோட்டு செல்லாது, தங்கம் செல்லாது. காசு என்பது துப்பாக்கித் தோட்டா. தோட்டாவில் இரண்டு ஜாதி. சுரங்கத்திலேயே பட்டறை போட்டுச் செய்கிற மட்டமான தோட்டா ஒன்று. அழுக்காக இருக்கும், சுமாராகச் சுடும். இன்னொன்று போருக்கு முன்னால் ராணுவத் தொழிற்சாலையில் செய்தது. பளபளவென்று இருக்கும், பட்டால் எதிரி விழுவான். அந்த ராணுவத் தோட்டாதான் காசு. துப்பாக்கி வாங்க, மருந்து வாங்க, எல்லாவற்றுக்கும் அதைத்தான் எண்ணிக் கொடுக்க வேண்டும். காசாகச் செலவழிக்கலாம், துப்பாக்கியில் போட்டுச் சுடவும் சுடலாம்.

இரண்டாம் நாள் என்று நினைக்கிறேன். ஒரு சுரங்கத்தில் பெருச்சாளி மாதிரி, ஆனால் கன்றுக்குட்டி உயரத்தில், ஏழெட்டு வந்துவிட்டன. மட்டத் தோட்டா தீர்ந்துவிட்டது. பேரன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போகிறான். "அந்த நல்ல தோட்டாவைப் போடேன்டா" என்றேன். "தாத்தா, அது காசு தாத்தா!" என்றான். அந்தக் குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். கடைசியில் வேறு வழியில்லாமல் அதைப் போட்டுத்தான் சுட்டான். ஒவ்வொரு தடவை சுடும்போதும் திரையின் ஓரத்தில் எண் ஒன்றொன்றாகக் குறைகிறது. பூதங்கள் செத்தன. அவன் சந்தோஷப்படவில்லை. "இருபத்தி மூணு போச்சு" என்றான்.

அந்தக் குரல் எங்கே கேட்டது என்று ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. என் தகப்பனாரின் குரல். எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். வீட்டுக் கூடத்தில் இரண்டு குதிர். பெரியது சாப்பாட்டுக்கு. சின்னதில் விதை நெல். நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு மூடி, சாணியும் மண்ணும் வைத்து மெழுகியிருக்கும். மழை பொய்த்து, ஆற்றிலும் தண்ணீர் வராத ஒரு வருஷம் பெரிய குதிர் அடி தெரிந்துவிட்டது. அம்மா சின்னக் குதிரைப் பார்த்தார். வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. பார்த்ததற்கே அப்பா, "அது விதை!" என்றார். அவ்வளவுதான். கடன் வாங்கினார், மாட்டை விற்றார், கேழ்வரகு வாங்கிப் போட்டார். அந்த மெழுகை உடைக்கவில்லை. ஊரில் ஒரு குடும்பம் நொடித்துவிட்டது என்பதைச் சொல்ல எத்தனையோ வார்த்தைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை, "விதை நெல்லையும் குத்தித் தின்னுட்டாங்க" என்பதுதான். அதற்குக் கீழே சொல்ல ஒன்றும் கிடையாது.

சாப்பிடவும் செய்யலாம், நாளைக்கு என்று வைக்கவும் செய்யலாம், ஆனால் இரண்டையும் செய்ய முடியாது. இந்த இக்கட்டை ஒரு விளையாட்டுக்குள் இவ்வளவு சுருக்கமாக எப்படி வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. சங்கத்தில் பயிர்க்கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன், கடன் பணத்தைக் கல்யாணத்துக்குச் செலவழித்துவிடாதீர்கள் என்று. இந்த விளையாட்டு விளக்குவதில்லை. எண் குறைவதைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. விதை நெல்லை மண்ணில் போட்டால் திரும்பி வரும். ஏக்கருக்கு 30 கிலோ விதை விட்டு நாற்றுப் பாவி நட்டால், நல்ல சம்பா 2,000 கிலோவுக்குக் குறையாமல் காணும். அர்த்யோமின் தோட்டா மண்ணில் போட்டாலும் முளைக்காது, பெட்டியில் வைத்தாலும் பெருகாது. அந்த ராணுவத் தோட்டாவைச் செய்தவர்கள் செத்துப்போய் இருபது வருஷம். இனி ஒருவரும் செய்யப் போவதில்லை. ஒவ்வொரு சண்டையிலும் அந்த உலகத்தின் மொத்தச் சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது. அதாவது, ஒரு நாடே உட்கார்ந்து விதை நெல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. விதைக்க நிலம் இல்லை. பேரனிடம் சொன்னேன். "கதை எழுதினவங்க அவ்வளவு யோசிச்சிருப்பாங்களா தாத்தா?" என்றான். யோசித்தார்களோ இல்லையோ, கணக்கு அதைத்தான் சொல்கிறது.

நெல்லே காசாக இருந்த உலகம் நம்முடையது என்று நான் பெருமையாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நாவிதருக்கு நெல், வண்ணாருக்கு நெல், அறுப்புக் கூலி நெல். களத்து மேட்டில் மரக்கால் வைத்து அளப்பார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அளக்கிறவன் கை எப்படிச் சாய்கிறது, மரக்காலின் வாயைத் தலை தட்டுகிறானா, கோபுரமாக விடுகிறானா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் வயிறு இருந்தது. ரூபாயைக் குறைத்து எண்ணினால் கண்டுபிடித்துவிடலாம். அளவு அப்படி இல்லை. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் பின்னால் 1968 டிசம்பர் 25-ம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிந்தார்கள். அன்றைக்கு அது நம் தஞ்சாவூர் ஜில்லா. உணவே காசாக இருக்கிற இடத்தில் குதிருக்குச் சொந்தக்காரன் வைத்ததுதான் சட்டம். தோட்டாவே காசாக இருக்கிற இடத்தில் கேட்கவே வேண்டாம். விளையாட்டில் அந்த வட்டப் பாதை வியாபாரிகளைப் பார்க்கும்போது எனக்கு நம் ஊர் முகங்கள் சில ஞாபகம் வந்தன. பெயர் வேண்டாம்.

அடுத்த கணக்கு, காற்று. மேல்பரப்புக்கு வரும்போது முகமூடி மாட்ட வேண்டும். முகமூடிக்கு ஃபில்டர் உண்டு. ஒரு ஃபில்டர் சில நிமிஷம்தான். அர்த்யோமின் கைக்கடிகாரத்தில் இன்னும் எவ்வளவு நேரம் மூச்சு விடலாம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி பனிமூடும், ரத்தம் தெறிக்கும், கையால் துடைக்க வேண்டும். அடிபட்டால் விரியும். நெற்றி விளக்கு மங்கினால் ஒரு சின்னக் கருவியைக் கையால் அமுக்கி அமுக்கி மின்சாரம் ஏற்ற வேண்டும். ஃபில்டர் தீரும் நேரத்தில் மூச்சு இரைக்கிற சத்தம் பெரிதாகிக்கொண்டே வரும். ஆஸ்துமாக்காரர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டாம். நிஜமாகச் சொல்கிறேன்.

இதைப் பார்த்ததும் கஜாவுக்கு வந்துவிட்டது மனசு. 2018 நவம்பர் 16 விடியற்காலை. வேதாரண்யம் பக்கம் கரையேறி நம் பக்கம் வந்தபோது காற்று அலறிய சத்தத்தை இங்கே படிக்கிற பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். விடிந்து கதவைத் திறந்தால் எங்கள் தெருவின் வானம் பெரிதாகிவிட்டிருந்தது. தென்னை இல்லாத வானம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று லட்சக்கணக்கில் மரங்கள். மின்கம்பங்கள் படுத்துக் கிடந்தன. எங்கள் ஊருக்குக் கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. அந்த இருபது நாளில் காசு என்பது வேறாகிவிட்டது. ஏ.டி.எம். கிடையாது. ரூபாய் வைத்திருந்தவனும் மெழுகுவத்தி வைத்திருந்தவனைத் தேடிப் போனான். ஜெனரேட்டர் வைத்து வீட்டுக்கு வீடு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மணிக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். செல்போன் சார்ஜ் போட ஒரு ரேட். தொட்டி நிரம்பியதும், இது எத்தனை நாளைக்கு என்று வீட்டில் எல்லாரும் மனசுக்குள் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டோம். குளிக்கலாமா, துவைக்கலாமா, மாட்டுக்கு எவ்வளவு. அந்தக் கடிகாரம்தான் அர்த்யோமின் கையில் இருப்பது.

கஜாவில் நான் பார்த்த ஒன்று இந்த விளையாட்டில் குறைவாக இருக்கிறது. வழியில் விழுந்த மரத்தை அறுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வாளோடு வந்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். நிவாரண லாரியை மறித்ததும், எங்கள் தெருவுக்கு இல்லாமல் அந்தத் தெருவுக்கா என்று சண்டை போட்டதும் நடந்தது, அதை மறைக்கவில்லை. இரண்டும் ஒரே ஊரில், சில நேரம் ஒரே ஆளிடம் நடந்தது. விளையாட்டில் துப்பாக்கி இருப்பதால் மனிதர்கள் கொஞ்சம் சீக்கிரமே சுட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இருந்தாலும் அழிவைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று நான் கேட்க மாட்டேன். கீவ் நகரத்தில் இதைச் செய்தவர்கள் சொகுசாக உட்கார்ந்து செய்யவில்லை. இரண்டாம் பாகம் எடுத்த காலத்தில் அங்கே போய்ப் பார்த்த ஜேசன் ரூபின் என்பவர் 2013-ல் எழுதியிருக்கிறார். அவர் இதை வெளியிட்ட டி.எச்.கியூ. கம்பெனியின் தலைவராக இருந்தவர். கல்யாண வீட்டு மடக்கு நாற்காலியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்தார்களாம். அடிக்கடி மின்வெட்டாம். மின்வெட்டில் வேலை பார்ப்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் வந்தது. கீவ் மக்கள் பாயும் போர்வையும் குழந்தையும் பூனையுமாகச் சுரங்க ரயில் நிலையங்களில் போய்ப் படுத்தார்கள். உலகத்திலேயே மிக ஆழமான நிலையங்களில் ஒன்றான அர்செனால்னா அந்த ஊரில்தான் இருக்கிறது. நூறு மீட்டருக்கும் கீழே. அந்தப் புகைப்படங்களைப் பேரன் எடுத்துக் காட்டினான். பிறகு விளையாட்டில் வரும் நடைமேடையைக் காட்டினான். மூலையில் படுத்திருக்கிற கிழவனைத் தவிர எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கிழவன் விளையாட்டிலா புகைப்படத்திலா என்பதுகூட இப்போது மறந்துவிட்டது. ரஷ்யரான குளுஹோவ்ஸ்கி அந்தப் போரை எதிர்த்துப் பேசினார். 2023 ஆகஸ்டில் மாஸ்கோ நீதிமன்றம், அவர் நாட்டில் இல்லாதபோதே, எட்டு வருஷம் சிறைத் தண்டனை விதித்தது. சுரங்கத்துக்குள் அடைந்துகிடந்தும் கட்சி கட்டி அடித்துக்கொள்கிறவர்களைக் கதையாக எழுதியவருக்கு நடந்தது இது.

இன்னொரு இடம். நான்காம் நாள் பார்த்தது. அர்த்யோம் மாஸ்கோவின் லெனின் நூலகத்துக்குள் போகிறான். கூரை ஓட்டையாகிப் பனி கொட்டுகிறது. மாடி மாடியாகப் புத்தக அலமாரிகள் சரிந்து கிடக்கின்றன. அங்கே வாழ்கிற பெரிய சாம்பல் நிற மிருகங்களுக்கு 'நூலகர்கள்' என்று பெயர். சுட்டால் லேசில் சாகாது. எதிரில் வந்தால் ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது. கண்ணை நேராகப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நகர வேண்டும். பார்வையை எடுத்தால் பாயும். இதை நான் ஆடினேன் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். சங்கத்துக்கு ஆடிட்டர்கள் வருகிற நாட்களில் முப்பது வருஷம் பழகிய வித்தை.

நூலகத்தில் அர்த்யோம் தேடுவது ஒரு ஏவுகணைத் தளத்தைப் பற்றிய பழைய ஆவணங்களை. எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. ஒரு தேசத்தின் புத்தகமெல்லாம் இருக்கிற இடத்துக்குள் உயிரைக் கொடுத்து நுழைந்தவன், இன்னொரு குண்டு எங்கே இருக்கிறது என்றா தேடுவான்? நம் சரசுவதி மகாலை நினைத்துப் பார்த்தேன். நாயக்கர் காலத்தில் தொடங்கி, சரபோஜி மன்னர் தேடித் தேடிச் சேர்த்தது. ஆயிரக்கணக்கில் ஓலைச்சுவடி. மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக் கட்டாக. உலகம் அழிந்து, டார்ச் விளக்கோடு நான் அரண்மனைக்குள் நுழைந்தால் எதைத் தேடுவேன்? வைத்தியச் சுவடி. எந்த வாய்க்கால் எங்கே பிரிகிறது, எந்த ஊருக்கு எத்தனை வேலி என்று எழுதிய கணக்கு. கையில் கிடைத்தும் விடும் என்றே வைத்துக்கொள்வோம். மோடி எழுத்தைப் படிக்க யார் இருப்பார்கள்? இன்றைக்கே விரல் விட்டு எண்ணலாம். பூதம் நிற்கிற நூலகத்தைவிட, படிக்க ஆள் இல்லாத நூலகம்தான் எனக்கு அதிகப் பயம் தருகிறது. அதை யாரும் விளையாட்டாக எடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பொடிப்பொடியாக வருகிறது. பேரன் வாய்விட்டுப் படித்தான். பெண்கள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இருப்பவர்களும் ஓரமாகத்தான் இருக்கிறார்கள். புயல் வந்த வீட்டில் முதல் அடுப்பு மூட்டியது யார் என்று தெரிந்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். சாப்பாட்டைப் பற்றிய விவரம் போதவில்லை. நாவலில் காளான் வளர்ப்பதும், காளானில் தேநீர் போடுவதும் வருகிறது. விளையாட்டில் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். வெளிச்சம் இல்லாமல், மண் இல்லாமல், இத்தனை பேர் என்னதான் தின்கிறார்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டு, பேரனுக்கு அலுத்துவிட்டது. சண்டைகள் சில இடத்தில் நீளம். ஒரே மாதிரி வருகிற பூதங்களை ஒரே மாதிரி சுடுவதில் எனக்குக் கொட்டாவி வந்தது. மனிதர்களைச் சுடுகிற இடங்களில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். சில இடங்களில் விளக்கை அணைத்து, இருட்டில் ஒதுங்கி, யாரையும் கொல்லாமலே கடக்க வழி வைத்திருக்கிறார்கள். அப்படிக் கடந்தபோது திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் ஆடலாமா என்று கேட்பீர்கள். பதினேழு வயதுக்கு மேல் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. அதை மதிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பையன் கையில் கொடுக்கிற சமாச்சாரம் அல்ல. ஆனால் கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஆடினால், துப்பாக்கி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பிடுங்கி மூடாதீர்கள். ரம்மியில் சிக்கியவனையும் இவனையும் ஒரே வார்த்தையால் திட்டாதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பஞ்சத்தையும் புயலையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் கேள்விப்பட்டதோடு சரி. கஜா வந்தபோது இவனுக்குப் பதிமூன்று வயது, கோயம்புத்தூரில் இருந்தான். சின்னக் குதிரை நாலு தடவை நான் சொல்லியும் காதில் வாங்காதவன், இருபத்து மூன்று தோட்டா போன அன்று ராத்திரி அவனாகவே கேட்டான், அந்த வருஷம் கடைசியில் நடவு நட்டீர்களா என்று. நட்டோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இந்த விளையாட்டு ஆடுபவனுக்குத் தெரியாமல் ஒரு கணக்கு வைத்திருக்கிறதாம். பிச்சை கேட்கிறவனுக்கு ஒரு தோட்டா கொடுத்தாயா, நிலையத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் நின்று கேட்டாயா, இல்லை சுட்டுக்கொண்டே ஓடினாயா என்று ரகசியமாகக் குறித்துக்கொள்ளுமாம். அதைப் பொறுத்து முடிவு இரண்டு விதமாக வரும். போன வருஷம் முதல் தடவை ஆடியபோது பேரன் யாரிடமும் நிற்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது கெட்ட முடிவு. இந்தத் தடவை துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு நடைமேடையில் இரண்டு கிழவர்கள் பழைய மாஸ்கோவைப் பற்றிப் பேசுவதை முழுசாகக் கேட்டான். அவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நகர்ந்தான்.